380 கிலோமீற்றர்: தூரத்தை முடிவு செய்தது யார்?

கனடாவின் வடகோடியில் றெசொலூட் என்று ஒரு ஊர். அதற்கும் வடகிழக்கே கிறீஸ் ஃபியோர்ட் என்று இன்னொரு ஊர். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தால் இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 380 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ரோட்டால போற தூரத்துக்குக் கிட்ட வரும். ஆனால் அங்கே ரோட்டே இல்லை. ட்வின் ஒட்டர் என்கிற சின்ன விமானம் ஒன்றரை மணித்தியாலம் அளவில் பறந்துபோய், மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற குட்டையான சரளை ஓடுபாதையில் இறங்கும். அதுவும் காற்றும் பனிமூட்டமும் விட்டால்தான்.

எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம் என்று கேட்டால் பதில் இவ்வளவுதான். ஆனால் இப்படிக் கேட்டுப் பாருங்கோ: இந்த இரண்டு ஊரும் ஏன் அங்கே இருக்கின்றன? ஒன்றில் 200 பேருக்குக் குறைவு, மற்றதில் 150 பேருக்கும் குறைவு. இந்தச் சனம் அங்கே எப்படி வந்தது? இதற்குப் பதில் தேடினால் வரைபடத்தை விட்டுவிட்டு 1953ஆம் ஆண்டுக்குப் போகவேண்டி வரும்.

எங்கட வீடுகளில கனடா எண்டா ரொறன்ரோ, மிஞ்சினால் மொன்றியல். பனி கொட்டும், வேலை இருக்கும், சனநாயக நாடு. அந்தக் கனடா தன் சொந்தக் குடிமக்களைக் கப்பலில் ஏற்றி 2,000 கிலோமீற்றர் வடக்கே கொண்டுபோய் இறக்கிய கதை எங்களுக்குச் சொல்லப்படுவதில்லை. கனடாவிலேயே கனகாலம் அது பேசப்படவில்லை.

பெயர்களில் இருக்கிற வரலாறு

றெசொலூட் என்பது பிரித்தானியக் கப்பல் ஒன்றின் பெயர். கிறீஸ் ஃபியோர்ட் நோர்வே நாட்டு ஆய்வுப் பயணி ஒட்டோ ஸ்வெர்ட்றப் வைத்தது. 1898 முதல் 1902 வரை அவர் அந்தப் பக்கம் சுற்றினார். அங்கே வால்ரஸ்கள் போட்ட சத்தம் பன்றி உறுமுவது போல இருந்ததாம். நோர்வே மொழியில் கிறீஸ் என்றால் பன்றி.

இனுயிட் மக்கள் இந்த இடங்களுக்கு வேறு பெயர் சொல்கிறார்கள். றெசொலூட் அவர்களுக்கு கௌசுயித்துக், அதாவது விடியாத இடம். கிறீஸ் ஃபியோர்ட் ஔயுயித்துக், அதாவது ஒருபோதும் உருகாத இடம். பழங்காலத்தில் அந்தப் பக்கத்தில் மனிதர்கள் வாழ்ந்ததற்கான எச்சங்கள் உண்டு. ஆனால் 1953இல் இந்த இரண்டு இடத்திலும் இனுயிட் குடியிருப்பு என்று ஒன்று இருக்கவில்லை. தாங்களாக விரும்பிப் போய்க் குடியேறிய இடத்துக்கு யாராவது 'விடியாத இடம்' என்று பெயர் வைப்பார்களா என்று யோசிக்கத் தோன்றுகிறது.

இந்த மக்களில் பெரும்பாலானவர்கள் வந்தது இனுக்ஜுவாக் என்ற ஊரிலிருந்து. கியூபெக் மாகாணத்தின் வடக்கில், ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் போர்ட் ஹரிசன் என்று அழைத்தார்கள். குளிரான இடம்தான். ஆனால் கோடையில் பழம் பொறுக்கலாம், பறவை முட்டை எடுக்கலாம், ஆற்றில் மீன் பிடிக்கலாம். மாரியிலும் சூரியன் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரமாவது முகம் காட்டும். கடை இருந்தது, தேவாலயம் இருந்தது, மருத்துவத் தாதி இருந்தார், பள்ளிக்கூடம் இருந்தது. சொந்தபந்தம் எல்லாம் இருந்தது.

அரசாங்கத்துக்கு அங்கே ஏன் ஆள் வேண்டும்?

அரசாங்கம் சொன்ன காரணம் இது: இனுக்ஜுவாக்கில் சனம் கூடிவிட்டது, வேட்டை விலங்கு குறைந்துவிட்டது, நரித்தோலின் விலையும் விழுந்துவிட்டது, ஆக்கள் அரச உதவிப் பணத்தில் தங்கியிருக்கத் தொடங்கிவிட்டார்கள், வடக்கே விலங்கு நிறைய உண்டு, அங்கே போனால் பழையபடி வேட்டையாடிச் சொந்தக்காலில் நிற்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் இன்னொரு காரணமும் தெரிகிறது. வடக்குத் தீவுகள் யாருக்குச் சொந்தம் என்பது கனடாவுக்கு நீண்டகாலத் தலையிடி. ஸ்வெர்ட்றப் கண்ட தீவுகள் மீதான உரிமைக் கோரலை நோர்வே 1930இல்தான் கைவிட்டது. எல்ஸ்மியர் தீவுக்குக் கிறீன்லாந்திலிருந்து வேட்டைக்காரர்கள் வந்துபோனார்கள். அதைத் தடுக்கவென்றே 1922இல் அந்தத் தீவின் தெற்கில் கிறெய்க் ஹாபர் என்ற இடத்தில் கனடா ஒரு பொலிஸ் காவலரணைத் திறந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் வந்தார்கள். 1947இல் றெசொலூட்டில் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து வானிலை நிலையம் அமைத்தன; இரண்டு வருடத்தில் கனேடிய விமானப்படைத் தளமும் வந்தது. பனிப்போர் காலம் அது. சோவியத் ஒன்றியத்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் ஆகக் குறுகிய வான்வழி ஆர்க்டிக்கின் மேலாகத்தான் போகிறது.

நிலம் உன்னுடையது என்றால் அங்கே உன் சனம் இருக்கவேண்டும். ஒட்டாவாவிலிருந்து எழுத்தர்களைக் கொண்டுபோய்க் குடியேற்ற முடியாது. இனுயிட் மக்களைக் கொண்டுபோகலாம். பின்னாளில் அந்தச் சனம் தங்களைப் பற்றிச் சொன்ன சொல் 'மனிதக் கொடிக்கம்பங்கள்'. அரசாங்கத்தின் முதன்மை நோக்கம் இறைமையா உதவியா என்று ஆய்வாளர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். எங்களுடைய பார்வையில் இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்யவேண்டும் என்றில்லை. உதவி என்ற பெயரில் ஒரு மக்களை நகர்த்தலாம் என்று நினைக்கிற அதிகாரிக்கு, எங்கே நகர்த்துவது என்று முடிவெடுக்கும்போது அரசின் நலன் தானாகவே கைக்கு வந்துவிடும்.

கப்பலில் சொன்ன செய்தி

1953 கோடையில் சி.டி. ஹவ் என்ற அரச ரோந்துக் கப்பல் இனுக்ஜுவாக்குக்கு வந்தது. வருடத்துக்கு ஒருமுறை வரும் கப்பல் அது. பொருள் இறக்கும், சனத்துக்கு எக்ஸ்றே எடுக்கும், காசநோய் என்று கண்டால் ஆளைத் தெற்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும். அந்த முறை ஏழெட்டுக் குடும்பங்களையும் அவர்களுடைய நாய்களையும் ஏற்றிக்கொண்டது. வழியில் பொண்ட் இன்லெட் என்ற ஊரிலிருந்து மூன்று குடும்பங்கள் ஏறின. அவர்கள் வடக்கு இருட்டுக்குப் பழகியவர்கள். தெற்கிலிருந்து வருபவர்களுக்கு வழிகாட்டட்டும் என்பது ஏற்பாடு. 1955இல் இன்னும் சில குடும்பங்கள் கொண்டுபோகப்பட்டன. எல்லாமாகச் சுமார் 90 பேர்.

ஒத்துக்கொண்டுதானே ஏறினார்கள் என்று அரசாங்கம் பின்னர் சொன்னது. ஏறியவர்கள் சொன்னது வேறு. பொலிஸ்காரர் வந்து கேட்டார். அந்தக் காலத்தில் பொலிஸ்காரரிடம் மாட்டேன் என்று சொல்லும் துணிவு எங்களுக்கு இருக்கவில்லை என்றார்கள். நல்ல வேட்டை கிடைக்கும், எல்லோரும் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்கலாம், பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பி வரலாம் என்று வாக்குறுதியும் தரப்பட்டது.

கப்பல் வடக்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. எல்லோரும் ஒரே இடத்துக்குப் போகவில்லை. சிலர் எல்ஸ்மியர் தீவில் கிறெய்க் ஹாபரில் இறங்கவேண்டும். சிலர் டிபெர்வில் என்ற பனியுடைப்புக் கப்பலுக்கு மாறி, கோர்ன்வாலிஸ் தீவில் இருக்கிற றெசொலூட்டுக்குப் போகவேண்டும். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். பெண்கள் அழத் தொடங்கினார்கள், அதோடு நாய்களும் ஊளையிட்டன என்று அப்போது ஐந்து வயதுப் பிள்ளையாக அந்தக் கப்பலில் இருந்த ஜோன் அமகோவாலிக் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். நுனாவுட் என்ற இனுயிட் ஆட்சிப் பிரதேசம் 1999இல் உருவாவதற்கு முன்னின்று உழைத்தவர் அவர்தான். 'நுனாவுட்டின் தந்தை' என்று அழைக்கிறார்கள்.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த 380 கிலோமீற்றர் உண்டானது இந்த இடத்தில்தான். அதற்கு முதல் அது வெறும் கடலும் பனியும் தீவும். ஒரு குடும்பத்தை இரண்டாக வெட்டி இரண்டு முனையிலும் வைத்த பிறகுதான் அது 'தூரம்' ஆனது.

முதல் மாரி

போய் இறங்கியது ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கம். அந்த அகலாங்கில் அது மாரியின் வாசல். வீடு ஒன்றும் கட்டித் தரப்படவில்லை, கூடாரம்தான். பனிவீடு கட்டலாமே என்றால் அதற்குச் சரியான பதத்தில் பனி இறுகவேண்டும். அதுவரை துணிக்கும் தோலுக்கும் அடியில் கிடந்தார்கள்.

பிறகு இருட்டு வந்தது. நவம்பர் தொடங்கி மூன்று மாதத்துக்கும் மேல் சூரியன் எழும்பவே இல்லை. இனுக்ஜுவாக் சனம் வாழ்க்கையில் காணாத விடயம் இது. சூரியன் திரும்பி வருமா என்றே பயந்தவர்கள் இருந்தார்கள். பழகிய விலங்கு இல்லை, பழகிய மீன் இல்லை, நன்னீருக்குப் பனிக்கட்டி உடைத்து உருக்கவேண்டும். மஸ்க் எருது கண்ணுக்கு முன்னால் மேயும். ஆனால் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு, சுடக்கூடாது என்பது சட்டம். விலங்கு நிறைய உண்டு என்று சொல்லிக் கூட்டிவந்தவர்களே அதைத் தொடாதே என்றார்கள். றெசொலூட்டில் விமானப்படைத் தளத்தின் குப்பைமேட்டில் சாப்பாடும் பலகையும் பொறுக்கினார்கள். அதையும் பொலிஸ் தடுத்தது.

இவ்வளவுக்கும் பிறகு அவர்கள் பிழைத்தார்கள். பெலூகா திமிங்கிலம் எந்த வழியாக வருகிறது, எந்தப் பனி தாங்கும், எது தாங்காது என்று ஒவ்வொன்றாகப் படித்தார்கள். இதை அரசாங்கத் திட்டத்தின் வெற்றி என்று எழுதியவர்கள் உண்டு. சனம் சாகாமல் இருந்தது சனத்தின் கெட்டித்தனம். திட்டத்துக்கு அதில் என்ன பங்கு?

நானூக்கின் ஊர்

சினிமா படிக்கிற எங்கட நண்பர்களுக்கு 'நானூக் ஒஃப் த நோர்த்' என்ற படம் தெரிந்திருக்கும். 1922இல் வெளிவந்தது, ஆவணப்பட வரலாற்றின் முதல் பாடம். றொபேர்ட் ஃபிளாஹெர்ட்டி அதை எடுத்தது இனுக்ஜுவாக் பக்கத்தில்தான். இயற்கையோடு போராடிச் சிரித்துக்கொண்டே வாழும் இனுயிட் மனிதன் என்ற படிமத்தை உலகம் முழுக்கப் பரப்பியது அந்தப் படம்.

அங்கே ஒரு இனுயிட் பெண்ணுக்கும் ஃபிளாஹெர்ட்டிக்கும் பிறந்த மகன் ஜோசஃபி. தகப்பன் அவரைத் தன் பிள்ளை என்று ஏற்கவேயில்லை. 1955இல் கிறீஸ் ஃபியோர்ட் பக்கம் கொண்டுபோகப்பட்டவர்களில் ஜோசஃபியும் அவர் குடும்பமும் அடக்கம். மகள் மார்த்தாவுக்கு அப்போது ஐந்து வயது. அந்த மார்த்தா ஃபிளாஹெர்ட்டிதான் பிற்பாடு இனுயிட் பெண்கள் அமைப்பான பௌக்டூட்டிட்டின் தலைவியாக இருந்தார். இந்த இடமாற்றம் பற்றிப் பகிரங்கமாகச் சாட்சி சொன்னார். 2008இல் 'மார்த்தா ஒஃப் த நோர்த்' என்று அவர் கதை ஆவணப்படமாக வந்தது. தலைப்பே தாத்தாவின் படத்துக்கு ஒரு பதில். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்படி கேட்கிறோம். 'இனுயிட் எங்கேயும் பிழைப்பான்' என்ற படிமம் திரையில் அழகாக இருந்தது. 30 வருடம் கழித்து அதே நம்பிக்கைதான் ஒட்டாவா அதிகாரிகளின் கோப்புகளிலும் இருந்தது.

திரும்பலாம் என்ற வாக்குறுதி

இரண்டு வருடம் போனது. திரும்பிப் போகவேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கப்பல் அரசாங்கத்தினுடையது. வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். அதில் யாரை ஏற்றுவது என்பதும் அரசாங்கத்தின் முடிவு. கடிதம் கொடுப்பதென்றாலும் பொலிஸ்காரர் கையால்தான் போகவேண்டும். நாய்வண்டி கட்டிக்கொண்டு 2,000 கிலோமீற்றர் போக முடியுமா? வாக்குறுதியை மீற யாரும் ஒரு உத்தரவுகூடப் போடத் தேவையில்லை. கப்பலைத் தராமல் விட்டாலே போதும்.

இந்தக் கதையில் எங்களை ஆகவும் உறுத்துவது இதுதான். வேலி இல்லை, காவல் இல்லை, பூட்டு இல்லை. தூரமே எல்லாவற்றையும் செய்துவிட்டது. பிள்ளைகள் வளர்ந்து கலியாண வயது வந்தபோது சோடி தேடுவதே பிரச்சினையானது. அவ்வளவு சின்னச் சமூகம், எல்லோரும் உறவு. தாய் தகப்பனைத் திரும்பக் காணாமலே செத்தவர்கள் இருக்கிறார்கள்.

1980களில்தான் இந்த மக்கள் கனேடிய அரசிடம் நட்டஈடு கேட்டுக் குரல் எழுப்பினார்கள். 1989இல் அரசாங்கச் செலவில் சுமார் 40 பேர் இனுக்ஜுவாக்குக்குத் திரும்பினார்கள். 36 வருடம் கழித்து. நல்ல முடிவு மாதிரி இருக்கு, இல்லையா? ஆனால் அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வடக்குத்தான் ஊர். பெற்றோர் தெற்கே போக, பிள்ளைகள் அங்கேயே நின்றார்கள். முதல் தடவை குடும்பங்களைப் பிரித்தது கப்பல். இரண்டாம் தடவை பிரித்தது வீடு திரும்பும் விமானம்.

பிறகு அறிக்கைகளின் காலம். 1990இல் அரசாங்கம் எழுதுவித்த ஒரு அறிக்கை தவறேதும் நடக்கவில்லை என்றது. 1993இல் ஆதிக்குடிகள் பற்றிய அரச ஆணைக்குழு முன்னால் இந்த மக்கள் நேரில் வந்து பேசினார்கள். 1994இல் அந்த ஆணைக்குழு தனி அறிக்கை வெளியிட்டு, இது வற்புறுத்தி நடத்தப்பட்ட இடமாற்றம், மன்னிப்புக் கேளுங்கள், நட்டஈடு கொடுங்கள் என்றது. 1996இல் 10 மில்லியன் டொலரில் ஒரு நம்பிக்கை நிதியம் வந்தது, மன்னிப்பு வரவில்லை. 2010 ஓகஸ்ட் 18ஆம் திகதிதான் அமைச்சர் ஜோன் டங்கன் இனுக்ஜுவாக்கில் வைத்து அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதே உரையில், வட ஆர்க்டிக்கில் கனடாவின் இருப்பை உறுதிப்படுத்த இந்த மக்கள் பங்களித்தார்கள் என்று பாராட்டும் இருந்தது. 57 வருடம் மறுத்த ஒரு விடயம் பாராட்டாக வெளியே வந்ததை நாங்கள் கவனிக்கவேண்டும்.

இன்றைய தூரம்

இப்போது விமானம் இருக்கு, தூரப் பிரச்சினை தீர்ந்ததா? கிறீஸ் ஃபியோர்ட்டிலிருந்து இனுக்ஜுவாக்குக்கு நேர்கோடு சுமார் 2,000 கிலோமீற்றர். நேரடியாகப் பறந்தால் ரேர்போபுறொப் விமானத்துக்கு நான்கு மணித்தியாலம் போதும். ஆனால் அப்படியொரு சேவை கிடையாது. கிறீஸ் ஃபியோர்ட்டிலிருந்து றெசொலூட், அங்கிருந்து இக்காலுயிட், அங்கிருந்து ஒட்டாவா, அங்கிருந்து மொன்றியல், பிறகு திரும்ப வடக்கே ஏறி இனுக்ஜுவாக். இந்த வழியை நேர்கோடுகளாக அளந்து கூட்டிப் பார்த்தோம்: 5,600 கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. நேர்த்தூரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. பறக்கும் நேரம் மட்டும் பத்து மணித்தியாலத்துக்குக் குறையாது. இடையில் மாறுவது, தங்குவது, பனிமூட்டத்துக்குக் காத்துக்கிடப்பது எல்லாம் தனி.

ஏன் இப்படி? வடக்கின் வான்வழிகள் எல்லாம் தெற்கிலிருந்து மேலே போட்ட குழாய்கள் மாதிரி. பஃபின் தீவுப் பக்கம் ஒட்டாவாவோடு, ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரை வினிபெக்கோடு, அதற்கும் மேற்கே யெலோநைஃபோடு, கியூபெக்கின் வடக்கு மொன்றியலோடு. வைத்தியசாலை, அலுவலகம், சாமான் எல்லாம் தெற்கில். கிறீஸ் ஃபியோர்ட்டில் ஒரு பெண் பிள்ளை பெறுவதென்றால் திகதிக்குச் சில வாரம் முன்னமே ஊரை விட்டுப் பறக்கவேண்டும். போதாததற்கு, இனுக்ஜுவாக் இருப்பது கியூபெக் மாகாணத்தில், மற்ற இரண்டும் நுனாவுட்டில். ஒரே மொழி பேசும் ஒரே குடும்பம் இரண்டு நிருவாகத்துக்குள்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். இனுக்ஜுவாக்குக்குப் பறக்கிற எயார் இனுயிட், அந்தப் பிரதேச இனுயிட் மக்களின் மக்கிவிக் நிறுவனத்துக்குச் சொந்தமானது. இடம்பெயர்க்கப்பட்டவர்களின் வழக்கைத் தூக்கிப் பிடித்ததிலும் மக்கிவிக்குக்குப் பங்குண்டு. ஒரு காலம் சனத்தை ஏற்றிப்போன வாகனம் முழுக்க அரசாங்கத்தின் கையில். இன்றைக்கு ஒரு பகுதியாவது சனத்தின் கையில். தூரத்தைக் குறைக்கும் வழி வேகமான விமானம் மட்டுமல்ல. விமானம் யாருடையது என்பதும்தான்.

மன்னிப்புக் கேட்ட அதே 2010இல் இரண்டு ஊரிலும் நினைவுச் சிற்பங்கள் திறக்கப்பட்டன. றெசொலூட்டில் சிமியோனி அமகோவாலிக் செதுக்கிய ஒரு தனி ஆண். கிறீஸ் ஃபியோர்ட்டில் லூட்டி பிஜமினி செதுக்கிய ஒரு பெண், பக்கத்தில் பிள்ளையும் நாயும். பெண் கடலைப் பார்த்து நிற்கிறாள். ஆண் அவள் இருக்கிற திசையைப் பார்த்து நிற்கிறான். பிரிக்கப்பட்ட குடும்பம் அது. நடுவில் 380 கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலப் பறப்பு. அந்த எண்ணோடு சேர்த்து, அந்த இரண்டு பேரையும் அங்கே நிறுத்தியது யார் என்பதையும் இனிமேல் கேட்போம்.